மாப்பிள்ளைக்கு ஒரு பௌர்ணமி

என் தங்கை மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவள் கீறல். காரணம், அவள் வளர்க்கும் கொடுவா. கொடுவா மீனின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், அதில் முள்ளும் உண்டு. அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் அதற்கு லத்தீனில் ‘குதிமுள் சுமப்பது’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார்; குத்தெல்லாம் இவள் கையில். கைரேகை பார்ப்பவர் ஒருவர் எது ஆயுள் ரேகை என்று தெரியாமல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாராம். இதை ஊருக்குச் சொன்னது நான்தான்.

கடலோரத்தில் அவள் நாத்தனார் நடத்தும் குஞ்சு பொரிப்பகத்தில், தாய்மீன் கொட்டகை கீறலின் பொறுப்பு. கொடுவா பிறந்து வளர்வது ஆணாக. சில வருடம் அப்படியே மினுக்கிவிட்டு, பிறகு பெண்ணாக மாறி முட்டை போடும். “மாறின பிறகாவது வீட்டு வேலை செய்யுமா?” என்றுதான் என் தங்கை முதலில் கேட்டாள்.

அந்த வருடம் கொட்டகையில் இருந்த ஒரே பெண்மீன் செத்துப்போனது. மிச்சமெல்லாம் ஆண்.

“இந்தப் பருவத்துல முட்டை வரலேன்னா கொட்டகையை ஐஸ் வைக்க வாடகைக்கு விட்டுடுவேன்,” என்றாள் நாத்தனார். “நீ சந்தையில மீன் வெட்டுற மேடைக்குப் போயிடு.”

கீறலுக்குச் சோறு இறங்கவில்லை. மீனை வளர்த்த கையால் மீனை வெட்டுவதா?

தொட்டியில் ஒன்றுக்கு அவள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். மூலையிலேயே கிடக்கும், மூன்று தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட வரும். வந்தால் வாயைப் படாரென்று திறந்து, எதிரே வருவதைத் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். ஒருமுறை வாளியையே உறிஞ்சியது என்பேன் நான். இல்லவே இல்லை என்கிறாள் கீறல்.

ஆண் மீனின் வயிற்றை நீவினால் பால் மாதிரி விந்து வரும். மாப்பிள்ளையிடம் அந்தப் பருவம் ஒரு சொட்டும் வரவில்லை. தீனியும் குறைந்துவிட்டது.

“கிழடு தட்டிடுச்சு. வெள்ளிக்கிழமை ஐஸ் வண்டியில ஏத்திடு,” என்றாள் நாத்தனார்.

“அண்ணி, போன வருஷமும் ஒண்ணு இப்படித்தான் நின்னுச்சு. அதுக்கு முந்தியும் ஒண்ணு. நான்தான் கிழடுன்னு ஏத்தி அனுப்பினேன்.”

“அதுக்கென்ன இப்போ?”

“பெண்ணாகுறதுக்கு முன்னாடி ஆம்பளை வேலையை விடணும்ல? வேலையை விட்டதையெல்லாம் வித்துட்டு, பெண்ணு எங்கே எங்கேன்னு தேடியிருக்கோம்.”

“இது ஊகம்டி.”

“ஊகம்தான். முட்டை போடுற பௌர்ணமி வரைக்கும் ஊகமாவே இருக்கட்டும்.”

“அதுவரைக்கும் தீனி?”

“மாப்பிள்ளைக்குப் போடுற சோத்துக்குக் கணக்குப் பாக்கலாமா அண்ணி?”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “பௌர்ணமி தாண்டினா ஒரு பேச்சும் கேக்க மாட்டேன்.”

கீறல் கணவாய் மீனை நறுக்கி நறுக்கிப் போட்டாள். தண்ணீரின் உப்பைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அது இவளைப் பார்க்கவே இல்லை.

பௌர்ணமி நெருங்கியது. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மாப்பிள்ளையை மயக்கி, நூல் மாதிரி மெல்லிய குழாயை அடிவயிற்றுத் துவாரத்தில் விட்டு எடுத்தாள். கொட்டகை முழுக்கக் கிராம்பு வாசனை. குழாயில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, பூதக்கண்ணாடியை நாத்தனாரிடம் நீட்டினாள். தானே பார்க்கக் கீறலுக்குத் தைரியம் இல்லை.

“ரவை மாதிரி இருக்கு. உருண்டை உருண்டையா,” என்றாள் நாத்தனார். கண்ணாடியை எடுக்காமலே கேட்டாள்: “ஏண்டி, உன் மாப்பிள்ளை உண்டாகியிருக்காரா?”

கீறல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரில் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி மயக்கம் தெளிய வைத்தாள்.

பௌர்ணமி முடிந்து இரண்டொரு நாளில், தொட்டித் தண்ணீர் வழியும் வாயில் கட்டியிருந்த வலைப்பையைக் காலையில் தூக்கினால் கனத்தது. மிதந்து வந்த முட்டைகள் வெயிலில் பளபளத்தன. எல்லாம் பொரிக்கவில்லை, பொரித்ததற்கே தொட்டி போதவில்லை.

ஐஸ்காரரிடம் கொட்டகை இல்லை என்று சொல்லிவிட்டு வந்த நாத்தனார், சுவரில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். “பேரை மாத்தலையா?”

“அது கேட்டா மாத்தலாம்.”

நாத்தனார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “அடுத்தது யாருடி?”

“அந்த மூலையில முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குறாரே, அவரா இருக்கலாம். சாப்பிடலேன்னு யாரும் திட்டிடாதீங்க.”