அப்பாவின் கால்வலியும் என் ஸ்காலர்ஷிப்பும்

எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெளிநாட்டுப் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங் வேலைக்கு டிரெய்னியாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "இண்டர்வியூவுக்கு எப்படி மேடம் பிரிப்பேர் பண்ணுனீங்க?" என்பது. என் வேலைக்கான இண்டர்வியூவில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள், திங்கட்கிழமை என்றேன். அதற்கு முன்பு, டிகிரி முடித்த கையோடு ஒரு ஸ்காலர்ஷிப் இண்டர்வியூவுக்குப் போனேன். அதற்கு நான் மட்டும் தயாராகவில்லை. குடும்பமே தயாரானது. வினையே அங்கேதான்.

1. வீக்னஸ்

நல்லூரில் எங்கள் வீடு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா இன்னொரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. நான் பி.எஸ்சி. முடித்ததும் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்தது. ஃபீஸைக் கேட்டதும் அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் எம்.பி.ஏ., இல்லாவிட்டால் அம்மாவுடன் செக்கிங் டேபிள் என்பது யாரும் வாய் திறந்து சொல்லாமலே முடிவாகிவிட்டது.

ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் டிரஸ்ட் என்னை இண்டர்வியூவுக்கு அழைத்தது. உடனே ஓடிப்போய் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தேன். அங்கிருந்த சார், எந்தக் கேள்வி வந்தாலும் சொல்வதற்குப் பதில்கள் வைத்திருந்தார். ரோல் மாடல் யார் என்றால் அப்பா. ஸ்ட்ரெங்த் என்றால் டைம் மேனேஜ்மெண்ட். வீக்னஸ்? "அளவுக்கு மீறி உழைப்பது." சும்மா சொல்லக்கூடாதாம், சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் வேண்டுமாம். சிரிப்பதற்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்.

2. நடிப்பு

இங்கிலீஷ் சென்டரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு டெய்லர் சம்பத் மாமா இதில் நுழைந்தார். அவர் மகளுக்கு வேறொரு டிரஸ்டில் ஸ்காலர்ஷிப் கிடைத்திருந்தது. அன்றிலிருந்து அவர் எங்கள் தெருவின் கல்வி ஆலோசகர்.

"ஏனுங் மச்சான், மார்க்கெல்லாம் எல்லாப் புள்ளைங்களுந்தான் வெச்சிருக்கும். கஷ்டம் கண்ணுக்குத் தெரியோணுங்க" என்றார் அப்பாவிடம்.

"கஷ்டந்தான் இருக்குதே" என்றார் அப்பா.

"இருந்தாப் பத்துமுங்களா? பாக்கறவங்களுக்குத் தெரியோணுமல்ல. கட்டிங் டேபிள்ல நின்னு நின்னு காலு போச்சுன்னு வெச்சுக்கங்க. நீங்க நொண்டீட்டே உள்ள போனீங்கன்னா, புள்ள வாயத் தொறக்கறதுக்கு முந்தியே பாதி வேல முடிஞ்சுரும்."

அப்பா அதுவரை ஒரு நாள் லீவு போடக்கூடப் பொய் சொன்னதில்லை. நிஜமாகவே காய்ச்சல் வந்தால்தான் காய்ச்சல் என்பார். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலமே பீரோ கண்ணாடி முன்னால் நொண்டிப் பழக ஆரம்பித்தார். ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடை. திரும்பி வந்து எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். "காலு வலிக்கற மாதிரி இல்லீங்க. செருப்பு கடிக்கற மாதிரி இருக்குது."

"வேண்டாமுங்கப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"நீ படிக்கற வேலையப் பாரு கண்ணு. இது எம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு இன்னொரு நடை போனார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

3. ஆட்டோ

இண்டர்வியூ நாள் காலையில் அடுத்த சிக்கல் வந்தது. அப்பாவும் நானும் வழக்கமாக மொபெட்டில்தான் போவோம். கால் போன மனிதர் மொபெட் ஓட்டிக்கொண்டு வந்தால் யார் நம்புவார்கள்? எனவே ஆட்டோ.

கம்பெனி கேட்டுக்குள் ஆட்டோ நின்றதும் நான் முதலில் இறங்கி அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது சம்பத் மாமாவின் உத்தரவு. பிடித்தேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு வார ஒத்திகை வீண் போகவில்லை. உண்மையிலேயே பாவமாக இருந்தது. செக்யூரிட்டி ஓடி வந்து இன்னொரு பக்கம் தாங்கிக்கொண்டார்.

ரிசப்ஷனில் இருந்த பெண், "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுங்க. அடுத்து உங்களத்தான் கூப்பிடுவாங்க" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். என் இரண்டு கையும் அவரைப் பிடித்திருந்தன. அப்படியானால் ஃபைல் எங்கே? ஆட்டோ சீட்டில். ஆட்டோ கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்பா ஓடினார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டியதும் தெரியவில்லை, செருப்பை உதறியதும் தெரியவில்லை. டீ பிரேக்குக்கு வெளியே நின்றிருந்த ஆட்கள் விலகி வழி விட்டார்கள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்த செக்யூரிட்டி, தாங்கிய கையைக் கீழே இறக்க மறந்து அப்படியே நின்றார். "யோவ் ஆட்டோ, நில்லுய்யா" என்ற சத்தம் மட்டும் ரோட்டிலிருந்து கேட்டது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

4. ஜன்னல்

முதல் மாடியில் அறை. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் டிரஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மேடம். ஒரு பக்கம் ஓய்வு பெற்ற பேராசிரியர், மறு பக்கம் ஹெச்.ஆர். மேனேஜர். அவர்களும் அப்போதுதான் டீ குடித்து முடித்திருந்தார்கள். காலி டம்ளர்கள் ஜன்னல் திட்டில் இருந்தன. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட், ரோடு, எல்லாம் படம் போலத் தெரிந்தது.

பேராசிரியர் வீக்னஸ் என்ன என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். பாதியில் அவரும் என்னோடு சேர்ந்து சொன்னார், "அளவுக்கு மீறி உழைப்பது". சிரிப்பைக்கூட அவரே சிரித்துக் காட்டினார். "காலையிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் இதே வீக்னஸ்தாம்மா" என்றார். எல்லோரும் அதே சென்டர்.

மேடம், "சர்டிபிகேட் எங்க கண்ணு?" என்று கேட்டார்.

"வந்துட்டு இருக்குதுங்க மேடம்."

"ஆமா, பாத்தோம். அப்பாவுக்குக் காலு எப்படி இருக்குது?"

ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை என்று சொல்லும்படி சம்பத் மாமா எழுதிக்கொடுத்தது தொண்டை வரை வந்தது. மேடம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். நானும் பார்த்தேன். அப்பா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். கேட்டுக்குள் காலை வைத்ததும் நொண்ட ஆரம்பித்தார்.

"உள்ள வந்தாத்தான் வலிக்கும் போல" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"காலு நல்லா இருக்குதுங்க மேடம். நேத்து முழுக்க கட்டிங் டேபிள்ல நின்னாருங்க. கஷ்டம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் குடுப்பாங்கன்னு சொன்னாங்க, அதுக்காவ நடிச்சாருங்க. அப்ளிகேஷன்ல எழுதுனது அத்தனையும் நெசமுங்க. அதுல காலப் பத்தி ஒரு வரி இல்லீங்க."

பேராசிரியர் பேனாவை மூடினார். கதை முடிந்தது என்று நினைத்தேன். செக்கிங் டேபிளில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு எந்த இடம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் கேட்டார். "செரி, நடிக்காமச் சொல்லு. எதுக்கு எம்.பி.ஏ.?"

அதற்கு சென்டரில் பதில் கொடுத்திருந்தார்கள். அது மறந்துபோயிருந்தது. "எங்கப்பா கம்பெனில ஒரு ஆர்டர் திரும்பி வந்துச்சுங்க. பையர் அளவை மாத்தி மெயில் போட்டிருக்கறாரு. மெர்ச்சண்டைசர் கட்டிங்குக்குச் சொல்லவே இல்லீங்க. திட்டு எங்கப்பாவுக்கு. அந்த மெயிலப் படிக்கற சீட்ல நான் உக்காரோணுமுங்க."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு அப்பா வந்தார். மூச்சிரைக்க, நொண்டியபடி. ஃபைலை மேஜையில் வைத்தார்.

"உக்காருங்க" என்றார் மேடம். "காலு வலிக்குமல்ல. எவ்வளவு தூரம் ஓடுனீங்க."

அப்பா உட்காரவில்லை. நேராக நிமிர்ந்து, இரண்டு காலிலும் நின்றார். "தப்புத்தானுங்க. புள்ள வேண்டான்னுதான் சொல்லுச்சு" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

5. முடிவு

ஸ்காலர்ஷிப் கிடைத்தது. பாதி. காலேஜ் ஃபீஸை டிரஸ்ட் கட்டும், ஹாஸ்டல் செலவைக் கட்டாது. ஃபோனில் மேடமே சொன்னார். "உங்கப்பா நல்லாத் தெம்பா இருக்கறாரு. ஹாஸ்டலை அவரு பாத்துக்கட்டும்."

ஹாஸ்டல் எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. படிப்பு முடியும் வரை தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். இப்போது மெயில் படிக்கிற சீட்டில்தான் இருக்கிறேன். பையர் அளவை மாற்றினால் முதல் ஃபோன் கட்டிங்குக்கு. ஷிப்மெண்ட் தாமதமானால் என்ன காரணமோ அதைச் சொல்லிவிடுவேன். பொய் சொன்னால் அதற்குத் தோதாக நொண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு இந்த வேலையில் நேரம் இல்லை. இண்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் இதுதான். உங்களைப் பற்றி எது உண்மையோ அதை நாலு வரியில் சொல்லிப் பழகுங்கள். மற்றதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரும் சொல்வார்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பாதி இன்னும் ஆறவில்லை. ஸ்காலர்ஷிப் பேச்சு வந்தால், "அன்னிக்கு ஓடாம இருந்திருந்தா ஹாஸ்டலும் சேந்து கெடச்சிருக்கும்" என்பார்.

"ஓடாம இருந்திருந்தா சர்டிபிகேட் ஆட்டோக்காரன் ஊட்டுல இருந்திருக்கும்" என்பார் அம்மா.