சல்லடையில் விழுந்த கடைவாய்ப்பல்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது ஐந்து பேர். நாலு நான் பெற்றது, ஒன்று செத்துப்போன நாத்தனார் பெற்றது. ஐந்து பேருக்கும் இப்போதே பல்லில் சொத்தை. எனக்குப் போன வருஷம் வரைக்கும் முப்பத்திரண்டும் இருந்தன. எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

முக்கியமாக என் ஓரகத்திக்கு. என்னைவிட ஆறு வயது சின்னவள், அதற்குள் திண்டிவனத்தில் பல் செட் கட்டிக்கொண்டவள். அவள் எதிரில் உட்கார்ந்துதான் வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கடக்கு கடக்கென்று மெல்லுவேன்.

மரக்காணத்துக்கு அப்பால் கடலோரத்தில் மண்ணைத் தோண்டிப் பழங்காலத்து எலும்பு எடுத்தார்கள். சல்லடை போட ஆள் வேண்டும் என்றதும் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். வேலையைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன வயது மேடம். அலை கரையை அரித்து அரித்து, பழைய இடுகாடு ஒன்று வெளியே தெரிந்துவிட்டிருந்தது. கடல் பக்கம் கிடந்த எலும்பு டீயில் நனைத்த பொறை மாதிரி; தொட்டால் உதிரும். தரைப் பக்கம் கிடந்தது கெட்டி. ஒரே மனிதருக்கு ஒரு கால் இப்படி, ஒரு கால் அப்படி. விரல் எலும்பைக் காணவே காணோம். லேசானதை அலை முதலில் அடித்துக்கொண்டு போய்விடுமாம். பல்தான் கடைசிவரை நிற்கும் என்றார் மேடம். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

அன்று மல்லாட்டை மென்றுகொண்டே சலித்துக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் வந்தது. ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் சல்லடையில் விழுந்தது. நான் கை நீட்டுவதற்குள் ஓரகத்தி வாளித் தண்ணீரை ஊற்றி அலசிவிட்டாள். "மேடம், பல்லு!" என்று கத்தியதும் அவளே.

ஐம்பது வருஷம் வெற்றிலை மென்ற பல். மேடம் அதை உள்ளங்கையில் வைத்துக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"முனையே இல்ல பாருங்க. தண்ணி உருட்டி உருட்டி இழைச்சிருக்கு. உப்பு ஏறிக் கருத்துப் போயிருக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சந்து தெரியும். சொன்னால் என் முப்பத்திரண்டு போச்சு, அதுவும் இவள் எதிரில். சொல்லாவிட்டால் என் பல் செத்தவர் எலும்போடு பெட்டிக்குள் போகும். சாயங்காலம் வரப்போகும் பெரிய சாரிடம் அதைக் காட்டி அந்தப் பெண் திட்டு வாங்கும். பெட்டியை மூடுவதற்குள் ஒரு முடிவுக்கு வரலாம் என்று சலித்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாக்கா, வாய மூடிக்கினு கீற? உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள் ஓரகத்தி. தலையை மட்டும் ஆட்டினேன்.

மேடம் பல்லைப் பையில் போட்டு நம்பர் எழுதினார். "பெரிய பல்லு. ஆம்பளையாத்தான் இருக்கணும். நல்ல கிழவன்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"யாரும்மா ஆம்பள? யாரு கிழவன்? அது எம் பல்லு!"

வாயைப் பிளந்து இடத்தைக் காட்டினேன். மேடம் எட்டிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மறுபடி எட்டிப் பார்த்தார். அப்புறம் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார். "நல்லவேளைம்மா, சார் வர்றதுக்குள்ள சொன்னீங்க."

ஓரகத்தி சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "அப்போ முப்பத்தொண்ணாக்கா?"

"முப்பத்தொண்ணும் படுக்கும்போது வாயிலயேதான்டி கெடக்கும். உன்னுது மாதிரி சொம்புல இல்ல."

"அலை அடிக்க ஆரம்பிச்சா ஒண்ணோட நிக்குமாக்கா? மேடத்தயே கேளேன்."

நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் இன்னும் இரண்டு போய்விட்டன. அவளிடம் சொல்லவில்லை.

இந்தாடி பேத்தி, எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன், ஒரு தரம் படித்துக் காட்டு. அந்த இரண்டு போனதை மட்டும் மெதுவாகப் படி. ஜன்னல் திறந்திருக்கிறது, அவள் பக்கத்து வீடு.