கறுத்துப்போன காப்பு

மாசி பிறந்ததும், சோறு வேகும் வாசனையைக்கூட அமுக்கிவிட்டு, தீக்குச்சியை மூக்கருகே உரசியது போன்ற ஒரு நெடி எங்கள் லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறைக் "காம்பரா"வுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்களுடையது அரநாயக்கப் பக்கத்து இறப்பர் தோட்டம். பழைய இலை கொட்டிப் புது இலை விடும் நாட்களில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க விடியற்காலையில் மரங்களுக்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த "மருந்து மெசினை" முதுகில் சுமந்தவர் என் அப்பா. அவர் சட்டையிலும் தலைமயிரிலும் நாங்கள் படுக்கும் பாயிலும் அந்தத் தூள் படிந்தே இருக்கும். வெள்ளியைப் பற்றி எல்லாம் தெரிந்த எங்கள் சனங்களில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் பெரியவளான வருஷம் தையில் சடங்கு வைத்தார்கள். பெல்மதுளையில் மாணிக்கக் குழியில் வேலை செய்த, அம்மாவின் ஒரே தம்பி, என் கை அளவை முன்னமே நூலில் வாங்கிப் போய், மூன்று ஞாயிறு கடை ஏறி இறங்கி, தாய்மாமன் சீராக ஒரு வெள்ளிக் காப்பு எடுத்து வந்தார். பூவேலை இல்லாத, கனத்த, வாய் மூடிய காப்பு. "பூப்போட்டதெல்லாம் உள்ளுக்கு வெறும் கூடு புள்ள. இது கட்டி. உள்பக்கம் 925னு வெள்ளி முத்திரை அடிச்சிருக்கு பாரு" என்றார். அப்பாவின் அக்கா, வரக்காப்பொல அத்தை, கொண்டுவந்ததோ மயில் செதுக்கிய, பளபளவென்ற, ஊதினால் பறக்கிற காப்பு. அத்தை டவுனில் நகைக்கடைக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார், ஆகவே அவருக்கு வெள்ளி தெரியும் என்பது லயத்தின் தீர்ப்பு.

வெள்ளி பார்ப்பது எப்படி என்கிறீர்களா? பல்லால் கடிப்பார்கள், சிமெந்துத் தரையில் போட்டுச் சத்தம் கேட்பார்கள், கன்னத்தில் வைத்துக் "குளுமை" பார்ப்பார்கள். கடித்தால் என்ன தெரியவேண்டும் என்று கேட்டால் மட்டும் ஒருவர் வாயிலும் பதில் இருக்காது.

மாசியில் மாமாவின் காப்பு கறுத்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்தது. அத்தையின் காப்பு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது, நிக்கல் முலாம் எதற்குக் கறுக்கப்போகிறது? மாரியம்மன் திருவிழாவுக்கு இருவரும் வந்திருந்தபோது, அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கி வாசலில் நின்ற எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க, சுத்த பொரு. குழிக்காரன் குடுத்தா இப்படித்தான் இருக்கும்."

பொய் என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டால் அத்தைக்கு அது சட்டமாகிவிடும். மாமா தணிந்த குரலில், "உள்ள நம்பர் இருக்குங்கக்கா" என்றார். "அது கடைக்காரன் சாமானுக்குப் போடுற நம்பர்" என்றார் அத்தை, யாரோ சிரித்தார்கள். நகக்கண்ணெல்லாம் கந்தகமாக நின்ற அப்பா, அக்காவை எதிர்த்துப் பேசத் துணிச்சலில்லாமல் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாமாவை நினைத்து வெட்கமாக இருந்தது. காப்பைக் கழற்றி அவர் கையில் வைத்து, "எனக்கு வேணாம் மாமா, அத்தையோடதே போதும்" என்றேன்.

அவர் அதைத் தன் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு, ஒரு வாய் சோறு சாப்பிடாமல் பஸ் ஏறினார். அதன்பிறகு எங்கள் லயத்துக்கு அவர் வரவே இல்லை. அம்மாதான் வருஷத்துக்கு ஒரு தடவை பெல்மதுளைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். கூப்பிட்டாலும் நான் போனதில்லை.

மயில் காப்பு இரண்டே மாதத்தில் முலாம் உரிந்து கையைப் பச்சையாக்கியது. "புள்ளைக்கு உடம்புச் சூடு, மோர் குடுங்க" என்றார் அத்தை. மாமாவின் காப்பு கறுத்தால் மாமா கள்ளன், அத்தையின் காப்பு பச்சை விட்டால் எனக்கு உடம்புச் சூடு. சொன்னபடியே மோர் கொடுத்தார்கள், நானும் குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து விஞ்ஞான வகுப்பில், கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று டீச்சர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அன்றைக்கே மாமாவுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம், அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். அத்தையின் வாய்க்குப் பயந்து பொத்திக்கொண்டிருந்தேன். லயத்துச் சனங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களைவிடக் கேவலம் நான்தான்.

இப்போது மாசியில் அந்த நெடி இல்லை. பாதி மரங்களை வெட்டிவிட்டார்கள், மருந்து மெசின் ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அத்தை மட்டும் மாறவில்லை. அண்மையில் பேத்திக்குக் காப்பு எடுக்கப் போன இடத்திலும், எஞ்சியிருக்கும் பல்லால் கடித்துப் பார்த்து, நல்ல வெள்ளிதான் என்று கடைக்காரனுக்கே சான்று கொடுத்தாராம்.

போன மாதம் மாமா செத்த முப்பதாம் நாள் காரியத்துக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டு வாசலை மிதித்தேன். மாமி பெட்டியைத் திறந்து அதே லேஞ்சியை எடுத்து என் கையில் வைத்தார்.

"வருசா வருசம் திருநீறு போட்டுத் தேச்சு வைப்பாரு. நீ வந்து கேப்பேன்னு."

காப்பு வெள்ளைவெளேர் என்றிருந்தது. பின்பக்கம் போய், பீலித் தண்ணீரில் கையை நனைத்து, சவர்க்காரம் தடவிக் காப்பைப் போட்டுப் பார்த்தேன். பெருவிரல் கணுவைத் தாண்டவில்லை.