இன்னும் ஒரே வீட்டில்

“இன்னும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா, சார்?”

கைப்பேசியில் இப்படிக் கேட்டவர் ஒரு வீட்டு ஏஜெண்ட். இளவயதுக் குரல், பணிவான பேச்சு. முதலில் என் மனைவியின் பெயரைச் சொல்லி, மேடம் இருக்காங்களா என்று கேட்டிருந்தார். நான் அவள் கணவன் என்றதும் இந்தக் கேள்வி வந்தது. நான் வேலை முடிந்து குவீன்ஸ்டவுனில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். வேறெங்கே இருப்போம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“ஆமா தம்பி. ஏன்?”

“சென்சிட்டிவ் மேட்டர்னு தெரியும் சார். மேடம் எங்க வெப்சைட்ல உங்க வீட்டு விலை என்ன வரும்னு பார்த்திருக்காங்க. காரணம்னு கேட்டதுக்கு டிவோர்ஸ்னு போட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஃபேரா முடிச்சுக் கொடுப்பேன் சார், கவலைப்படாதீங்க.”

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். பதில் வராததைக் கண்டு ஏஜெண்டுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். “சாரி சார், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்று அவசரமாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

வீட்டுக்குப் போனால், மனைவி வழக்கம்போல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். “டீ போடவா?” என்றாள். மணவிலக்கு கேட்கப்போகிற பெண் டீ போடவா என்று கேட்பாளா, மாட்டாளா? எனக்குத் தெரியவில்லை. முன்னே பின்னே எனக்கு அனுபவமில்லை. போடு என்றேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

நான் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற ஆள். பஸ் தாமதமானால் ஓட்டுநரிடம் கேட்பேன், மின்தூக்கி நின்றால் நகர மன்றத்துக்கு எழுதிப் போடுவேன். ஆனால் இதை மட்டும் அவளிடம் கேட்க வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்கு இரண்டு அர்த்தத்தில் தெரிந்தது. பழைய துணிகளை எடுத்து ஒரு பையில் அடுக்கினாள். தானம் கொடுக்கவா, கிளம்பவா? பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்தாள். சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். என்ன அப்படி ஒரு சந்தோஷம்? நானோ பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். லிட்டில் இந்தியா பக்கம் போனபோது மல்லிகைச் சரம் வாங்கி வந்தேன். அவள் பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

ஒருநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அந்த இணையத்தளத்துக்குள் நானே போனேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் புளோக் எண், மாடி, எத்தனை அறை என்று கேட்டது. அடுத்து, எங்கள் புளோக்கில் விற்ற வீடுகளின் விலைகளை வரிசையாகக் காட்டியது. யார் விற்றது என்று இல்லை, நான்கிலிருந்து ஆறாம் மாடிக்குள் ஒரு வீடு, இன்ன விலை என்றுதான் இருக்கும். அது போதாதா எங்கள் புளோக் ஆட்களுக்கு? எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டை விற்றுவிட்டு ஆங் மோ கியோவுக்குப் போனார். எவ்வளவுக்கு என்று கடைசிவரை மூச்சுவிடவில்லை. அவர் சாமான் ஏற்றிய அன்றே மின்தூக்கியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சட்டை என்ன விலை என்று கேட்டாலே மழுப்புகிற மனிதர் அவர். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நானும் அந்த விலையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு இந்த இணையத்தளம் சொன்ன விலைக்கும் அடுத்து நான் பார்த்த இன்னொன்று சொன்னதற்கும் இடையில் ஒரு காரே வாங்கிவிடலாம். எதை நம்புவது? ஆனால் நான் தேடி வந்தது விலையை அல்ல. முதலில் பார்த்த இணையத்தளத்துக்கே திரும்பினேன். காரணம் என்ற இடத்தைத் தொட்டதும் பட்டியல் இறங்கியது. விற்க, வாடகைக்கு விட, வங்கிக் கடனை மாற்ற, மணவிலக்கு, சும்மா தெரிந்துகொள்ள. சும்மா தெரிந்துகொள்ள என்பது அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, மேலே இருப்பதை ஏன் தொட்டாள்? விரல் தவறிப் பட்டிருக்குமா? அவள் கைப்பேசியில் எழுத்துப் பிழைகூட விடாதவள்.

கடைசியில் அந்த ஏஜெண்டை நானே அழைத்து, தேக்கா சந்தையில் தேநீர்க் கடை ஒன்றில் சந்தித்தேன். இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் எதிர்ப் புளோக்கில் எந்த மாடி எவ்வளவுக்குப் போனது, புக்கிட் பாத்தோக்கில் என்ன நிலவரம் என்றெல்லாம் கேட்காமலேயே சொன்னார்.

“அதை விடுங்க தம்பி. என் வைஃப் உங்ககிட்ட வேற என்ன சொன்னாங்க?”

“அது பிரைவசி சார். ஏற்கெனவே வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.”

ஊரில் உள்ள வீடுகளின் விலையையெல்லாம் சந்தையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறவர், என் மனைவி மனசில் இருப்பதற்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. குடித்த தே தாரிக் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். மேசைமேல் வைத்திருந்த என் கைப்பேசி அதிர்ந்தது. ‘வீட்டு ஏஜெண்ட்’ என்று பதிந்து வைத்திருந்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள்.

“வீட்டு ஏஜெண்டா? வீட்டை விக்கப் போறீங்களா?” அவள் முகம் வெளிறிவிட்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே, என்னங்க?”

“நானா? நீதானே டிவோர்ஸ்னு போட்டே!”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசையில் ரசம் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி விழித்தாள். பிறகு புரிந்து, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஐயோ, அதுவா! அது ஒண்ணுமில்ல லா. கீழ்வீட்டு விலையைப் பார்த்ததும் நம்ம வீடு எவ்வளவு வரும்னு பாக்க ஆசையா இருந்துச்சு. விக்கணும்னு போட்டா ஏஜெண்டுங்க விடாம கால் பண்ணுவாங்களாம். சும்மான்னு போட்டா, மனசை மாத்திடலாம்னு இன்னும் நெறைய பண்ணுவாங்களாம். டிவோர்ஸ்னு போட்டா, பாவம்னு விட்டுடுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா.”

“சரி, என் நம்பரை எதுக்குக் கொடுத்தே?”

“அப்பவும் கால் பண்ணிட்டாங்கன்னா? எனக்கு எதுக்குத் தொல்லை?”

நானும் சிரித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. அதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“இத்தனை நாளா இதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா? பாத்திரம் கழுவினது, பூ வாங்கினது எல்லாம் இதுக்குத்தானா?”

“ஆமா.”

“நான் வேற என்னமோ நெனச்சேன்,” என்றாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

சீ, பைத்தியமா உங்களுக்கு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“சில நாள்ல கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்பது போலச் சொன்னாள். எந்த நாட்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். சில நாட்கள் எனக்கே ஞாபகம் வந்தன. மற்றவை என்ன நாட்களோ, எனக்குத் தெரியவே தெரியாது. பரிமாறுகிறவர் வந்து மோர் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு டம்ளர் வாங்கி, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இன்னிக்குக் கேட்டா?” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் யோசித்தாள்.

“இன்னிக்கு இல்ல லா.”