பொட்டாசியம் நைட்ரேட்டில் சர்க்கரை

என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பேர் லேபிள். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, இருபத்தோரு வருஷமாக. பாட்டில்களைக் கழுவுவார், துடைப்பார், அடுக்குவார், ஒவ்வொன்றின் மேலும் பேரெழுதி ஒட்டுவார். அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அச்சு தோற்றுப்போகும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில்கூட என் பேரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டிருந்தார். இந்த மனுஷனுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தினேன்.

காலி பாட்டிலைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. மூன்று நாள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் ஏழு தடவை அலசி, காய வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். லேபிளை மட்டும் உரிக்க மாட்டார். அதன் மேல் மெழுகு தடவியிருப்பதால் தண்ணீருக்கும் அசையாது. “இவ்வளவு அழகா எழுதியிருக்கேன், அதைப் போய்க் கிழிக்கச் சொல்றியே” என்பார். அப்படித்தான் என் சமையலறையில் பொட்டாசியம் நைட்ரேட்டில் சர்க்கரை வந்தது, கந்தகத்தில் உப்பு வந்தது, அம்மோனியம் நைட்ரேட்டில் தேயிலை வந்தது. பத்து வயது மகள் தட்டைத் தள்ளிவிட்டு, “அம்மா, இன்னைக்குக் கந்தகம் கம்மி” என்பாள். எங்களுக்கு அது சாதாரணப் பேச்சு.

அலமாரியில் ஜன்னலோரமாக இருந்த ஒரு பாட்டிலில் மட்டும் லேபிள் உண்மை பேசியது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். மகளுக்காக அதைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பென்சிலில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, வாயைத் துணியால் மூடி வைத்திருந்தார். நூலின் நுனியில் கடுகளவு நீலம். தினம் பார்த்தால் வளர்ந்த மாதிரியே தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் அந்த அலமாரிக்குள் நுழையும்போது சுவரெல்லாம் பச்சையும் பழுப்பும் நீலமுமாக மிதக்கும். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நானும் அதில் கொஞ்ச நேரம் மிதப்பேன். தைத்த சீருடைகள் அப்படியே மடியில் கிடக்கும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தது. பதினோரு பேர் செத்தார்கள். தெருக்கோடியில் சலவைக் கடை வைத்திருக்கிற அண்ணனின் மகளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. அவளுக்குப் பதினாறு வயது. சந்தேகப்பட்டவர்களை விசாரணை இல்லாமல் ஆறு மாசம் வைத்திருக்க ஒரு சட்டம் வரப்போகிறது, அதை ஆதரித்து ஊரெல்லாம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று அந்த அண்ணன்தான் காகிதத்தோடு வந்தார். தெருவிலேயே முதல் கையெழுத்து என்னுடையது. “தூக்கி உள்ள போடட்டும் அண்ணே, அப்புறம் விசாரிச்சுக்கலாம்” என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லவும் செய்தேன். மனசாரத்தான் சொன்னேன், இல்லையென்று மழுப்ப மாட்டேன்.

இவர் காகிதத்தை முழுசாகப் படித்தார். “அப்புறம்னா எப்போன்னு இதுல எழுதலையே” என்றார்.

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு லேபிள் வேணும். பேசாமக் கையெழுத்தைப் போடுங்க” என்றேன். அண்ணன் கண்கலங்கி நின்றுகொண்டிருந்தார். இவரும் போட்டார்.

சட்டம் வந்தது. இரண்டு மாசம் கழித்து, ரசாயனம் வைத்திருக்கிற இடங்களையெல்லாம் சோதித்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் பாட்டில்களில் பதினான்கு ஆய்வக அலமாரியில் இல்லை. காலியானதை வீட்டுக்குக் கொண்டுவந்த மனுஷன், அதைப் பதிவேட்டில் அடிக்க மறந்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஓர் அதிகாரி, நாலு காவலர்கள், நோட்டுப் புத்தகத்தோடு ஓர் இளம் எழுத்தர்.

அடுப்பில் குழம்பு. இடுப்பில் அளவு நாடா. ஒருத்தன் என் தைத்த துணிகளைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு போனான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அதிகாரி சமையலறை அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “இதையெல்லாம் வெச்சு வீட்டுல என்ன செய்றீங்க?” என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “குண்டு செய்றோம் சார். அடுப்புலதான் இருக்கு, பதம் வந்ததும் இறக்கிடுவேன். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்து, சும்மா இரு என்பதுபோல் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். பாட்டில்களைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அவரையும் கூட்டிப்போனார்கள். குழம்பு அடிப்பிடித்துப் போனது.

அன்றிலிருந்து எனக்கு உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாமல் போயிற்று. புது டப்பாக்களில் பேர் இல்லை. திறந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலமாரிப் பலகையில் பதினான்கு வட்டங்கள் தூசி படியாமல் இருந்தன. துடைக்க மனம் வரவில்லை. நாலு மணி வெயில் வந்து வெள்ளைச் சுவரில் வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போகும். நான் தைத்துக்கொண்டே இருப்பேன். எந்த நாள் செவ்வாய், எந்த நாள் சனி என்று பிரியாமல், ஒரே நீளத் துணியாக நாட்கள் மெஷினுக்கு அடியில் ஓடின. கனவில் அவர் வருவார். மேகத்தில், மரத்தில், தெரு நாயின் முதுகில் எல்லாம் பேரெழுதி ஒட்டிக்கொண்டே போவார். நான் பின்னாலேயே போய் எதையாவது படித்துவிடப் பார்ப்பேன். கிட்டே போனால் எழுத்து இருக்காது.

என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு கருதிச் சொல்ல முடியாது என்று, எங்களுக்காக வாதாட வந்த வக்கீலம்மாவுக்கே கடிதம் வந்தது. “ஆறாம் மாசம் ஒரு குழு உட்காரும். அவங்க சரின்னா இன்னும் ஆறு மாசம். வேண்டாம்னா வீட்டுக்கு. அந்த ஒரு நாள்தான் நமக்கு இருக்கு” என்றார் வக்கீலம்மா. என் உயிரை அந்த ஒரு நாளில் முடிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் பார்வை நேரம் முடிந்தது. மெலிந்து, சட்டைக்குள் எங்கேயோ இருந்தார்.

“நாலு மணி வெயில் வருதா?” என்று கேட்பார்.

“வருது. உங்களைத்தான் தேடுது” என்பேன். மகளிடம் மட்டும் படிப்பைப் பற்றிக் கேட்பார். அவள் கண்ணாடியில் விரலால் கட்டம் போட்டு, அதற்குள் அப்பா என்று எழுதிக் காட்டுவாள்.

சலவைக் கடை அண்ணன் நாலு மாசம் என்னோடு பேசவில்லை. என்னைக் கண்டால் கடைக்குள் போய்விடுவார். வயிறெரிந்தாலும், அவர் மகளை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டேன். ஒருநாள் தானே வந்து வாசலில் நின்றார். “தங்கச்சி, யாரை உள்ள வெச்சாலும் என் பொண்ணுக்கு நியாயம் கிடைச்சிடும்னு நெனச்சேன். உன் பாட்டில் தேயிலையில நானே எத்தனை தடவை டீ குடிச்சிருக்கேன்” என்றார். உள்ளே கூப்பிட்டு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். குழு உட்கார்ந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு அவர்தான் கூட வந்தார்.

நீளமான மேசை, மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி. ஓரத்தில் பாதுகாப்புத் துறை அதிகாரி. வக்கீலம்மா மனுமேல் மனுப் போட்டு எனக்குப் பத்து நிமிஷம் வாங்கியிருந்தார். இவரை அங்கே கொண்டுவரவில்லை. நான் பாட்டில் கதையைச் சொன்னேன். நீதிபதி கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“அம்மா, பாட்டில் இருக்கட்டும். உங்க கணவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்காரே. ‘குண்டு செய்கிறோம். அடுப்பில் இருக்கிறது.’ சோதனைக் குறிப்புல சொன்னவர் பேர் இல்லை, அன்னைக்கு இதைச் சொன்னது நான்தான்னு கையெழுத்தும் போட்டிருக்கார்.”

பாதுகாப்புத் துறை அதிகாரி அவசரமாக இருமினார். அது எனக்குச் சொல்லக்கூடாத விஷயம் போலிருக்கிறது.

எனக்குக் காதுக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆறு மாசம். என் வாயிலிருந்து விழுந்த ஒரு வரியைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாசம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெயில் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

“ஐயா, அதை அவர் சொல்லலை. நான் சொன்னேன்” என்றேன். வக்கீலம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். “என்னையே பிடிச்சுக்கங்க. ஆனா சொன்னதை முழுசா எழுதணும் இல்லையா? பதம் வந்ததும் இறக்கிடுவேன், இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கன்னும் சொன்னேன். அதை ஏன் விட்டுட்டீங்க? குண்டு செய்றவ காவலரைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்வாளா? உள்ள என்ன இருந்ததுன்னு பார்த்தீங்களா, இல்லை மேல எழுதினதை மட்டும் படிச்சீங்களா?”

நீதிபதி கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை அது. சர்க்கரை, உப்பு, தேயிலை, பருப்பு, மிளகு. ஒரு பாட்டிலில் மயில்துத்தம், வெடிக்கும் தன்மை கிடையாது. தேதியை அவர் சத்தமாகவே படித்தார். பிடித்துப்போன மூன்றாம் வாரம்.

“இது ஏன் எங்களுக்கு முன்னாடியே வரலை?” என்று கேட்டார். ஓரத்திலிருந்த அதிகாரி, அப்படி அனுப்பச் சட்டத்தில் வழி இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்ட சட்டம்தானே, எனக்குத் தெரியாதா. அப்புறம் விசாரிச்சுக்கலாம் என்று தெருவே கேட்கச் சொன்னவள் நான்தான்.

குழு வேண்டாம் என்று எழுதியது, எட்டாம் நாள் இவர் வீட்டுக்கு வந்தார். பாட்டில்களும் மூட்டையாக வந்தன. மகள் மயில்துத்தப் பாட்டிலைத்தான் முதலில் பிரித்தாள். ஆறு மாசம் இருட்டு அறையில், துணி மூடியின் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியிருக்கிறது. கடுகளவு இருந்தது கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்து, நூலில் ஆடாமல் தொங்கியது. அவள் அதை ஜன்னலில் கட்டினாள். நாலு மணிக்குச் சுவரில் ஒரு நீலத் துண்டு வந்து நின்றது. அவர் அதன்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

“ஏங்க, எதுக்காக நீங்க சொன்னதா எழுதிக் கொடுத்தீங்க? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

ஒரு வாய் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது போல.

“நான் உள்ள இருந்தா பாப்பாவுக்கு நீ இருக்கே. நீ உள்ள போனா அவளுக்குத் தலை பின்னக்கூட எனக்குத் தெரியாது” என்றார். அப்புறம், “அது மட்டுமில்லை. உன் வாயோட நீ அங்க போயிருந்தா, அந்தக் காவலருங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்றார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து போய், பொட்டாசியம் நைட்ரேட்டிலிருந்து இன்னும் ஒரு கரண்டி எடுத்து அவர் டீயில் போட்டேன்.