கண்ணாடி கழற்றிய முகம்

ஐம்பது வயது தாண்டும்வரை என் முகத்தை நான் பார்த்ததில்லை. இதில் தத்துவம் ஒன்றுமில்லை, மைனஸ் ஒன்பது பவர். கண்ணாடி போட்டால் கண்ணாடி போட்ட முகம் தெரியும். கழற்றிவிட்டு வாஷ்பேசின் முன்னால் நின்றால் கோதுமை நிறத்தில் ஒரு மேகம் தெரியும். இத்தனை வருஷமாக அந்த மேகத்துக்குத்தான் ஷேவ் செய்து வந்தேன்.

அந்த முகத்தைத் தெரிந்தவள் என் மனைவிதான். குளித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியைத் தேடி வருவேன். "பொந்துலேர்ந்து வெளிய வந்த எலி மாதிரி முழிக்காதீங்க" என்று சிரிப்பாள். எங்கள் மகனும் சேர்ந்துகொள்வான். அவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அதை வைத்தே ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் முழுக்க, "பையன் அம்மா ஜாடை" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அவனுக்குச் சென்னையில் வேலை. ஞாயிறு விடிந்தால் பையோடு வாசலில் நிற்பான். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி, ராத்திரி ரயிலுக்குக் கிளம்புவான். போன வருஷம் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். போய்விட்டான்.

அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். சிரித்ததாக எங்கிருந்தோ வாசகர்கள் எழுதுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரே வாசகியிடம் எதுவும் போணியாகவில்லை. கைவசம் மிச்சமிருந்தது அந்த எலி ஒன்றுதான். அந்த மூஞ்சியை நாள் முழுக்கக் காட்டினால் ஒரு தடவையாவது சிரிக்க மாட்டாளா? லென்ஸ் வாங்க உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்காது.

தில்லைநகரில் ஒரு கடை. "பழகற வரைக்கும் கண்ணு கொஞ்சம் அடம்பிடிக்கும் சார்" என்றாள் அங்கே லென்ஸ் மாட்டச் சொல்லித்தரும் பெண். "மேல பாருங்க... இமைக்காதீங்க... வாயை எதுக்கு சார் திறக்கறீங்க?" முதல் லென்ஸ் விரலை விட்டு வரவில்லை. அடுத்தது மீசையில் போய் உட்கார்ந்தது. ஒருவழியாக இரண்டும் உள்ளே போனதும், பழக்கதோஷத்தில் மேலே கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். கடையே ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பெண் அதைப் பிடுங்கிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

அதில் தெரிந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறேன். ஆனால் யாரென்று பிடிபடவில்லை. கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக் குலுக்கியவரின் பெயரை யோசிப்பதுபோல, பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை யோசித்தேன்.

கதவைத் திறந்த என் மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடி இல்லாத என் கண்ணுக்குச் சுருங்கி விழிக்க மட்டுமே தெரியும். இப்போது அது நேராக அவளைப் பார்த்தது. கல்யாணமான நாளாக அப்படிப் பார்த்ததில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். என் மூக்கின் பக்கத்தில் கண்ணாடி அழுத்திய தழும்பைத் தொட்டாள். பிறகு புருவத்தை.

"அவன் கண்ணுங்க" என்றாள். "அப்படியே அவன் பாக்கற மாதிரி."

பஸ்ஸில் பிடிபடாதவன் அப்போது பிடிபட்டான்.

"கழட்டிடறேன்" என்றேன்.

"சாப்பிட்டுட்டுக் கழட்டுங்க."

புதிதாக உருளைக்கிழங்கு வறுத்து, அவனுக்குப் போடுவதுபோல இரண்டு தடவை போட்டாள். எனக்கு வாயு என்று அவள் அதைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போதும் என்னைப் பார்க்கவில்லை. மூக்கில் இல்லாத கண்ணாடியை என் விரல் மேலே தள்ளியது.

"அப்படிப் பண்ணாதீங்க" என்றாள் அவசரமாக.

இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். குனிந்தால் அவளுக்கு என் கண் தெரியாதே என்று நிமிர்ந்தபடியே சாப்பிட்டேன். சட்டையெல்லாம் ரசம்.

அது ஒருநாள் லென்ஸ். எடுத்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். வாஷ்பேசினில் நின்று ஒவ்வொன்றாக எடுத்தேன். பழைய மேகம் திரும்பி வந்தது. பின்னாலிருந்து அவள் குரல்.

"நாளைக்குப் போடாதீங்க. என்னால முடியாது."

"சரி."

குழாயை மூடினேன். அவள் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை போடுங்க" என்றாள்.