பள்ளத்தாக்கிலிருந்து வந்த பெயர்

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இங்கிலாந்திலேயே அதை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று அதன் சொந்தக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதும்போது நீளமான பெயர். சொல்லும்போது இரண்டே அசை. நடுவில் வரும் எழுத்துகளில் பாதி ஊமை.

அவர் எங்கள் மேனேஜர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் கிடங்குகளுக்கு இரும்புக் கட்டுமானம் செய்துகொடுக்கும் ஒர்க் ஷாப் ஒன்றில் நான் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. மேனேஜர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவியைப் பிரிந்து பல காலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அல் கோபார், தோஹா என்று வளைகுடாவைச் சுற்றிவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சேர்ந்திருந்தார். பெஷாவர்க்கார வெல்டர்கள் அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கி, ‘படா சாப்’, பெரிய துரை, என்று வைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. புதுக்கோட்டைப் பக்கம் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்த ஏஜென்ட், குடும்பப் பெயருக்கு விட்டிருந்த இடத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதிவிட்டான். அன்றிலிருந்து அபுதாபியில் நான் என் அப்பாவாகிவிட்டேன். லேபர் கார்டில் அந்தப் பெயர், கேட்டில் அந்தப் பெயர், சம்பளக் கவரில் அந்தப் பெயர். எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். இங்கே போர்மேன் அந்தப் பெயரோடு ‘யல்லா, ஜல்தி’ என்று சேர்த்து அவசரப்படுத்திக் கத்துவான். முதல் வருடம் ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசியது. பிறகு கூசவில்லை. கூசுவதற்கும் தெம்பு வேண்டும்.

ஒரு கோடையில், வெயிலுக்காக ஆட்களை வெளி வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்த மத்தியான நேரம், மேனேஜர் என் மேசைக்கு வந்தார். இங்கிலாந்தின் வரைபடம் ஒன்று வரைந்து தர முடியுமா என்று கேட்டார். எந்த சைட்டுக்கு என்று கேட்டேன். சைட்டுக்கு இல்லை, தனக்கு என்றார்.

அவருடைய பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் சொன்னார். வடக்கு இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பழைய பண்ணைக்கு அந்தப் பெயர். கடல் தாண்டி வந்து குடியேறியவர்களின் பேச்சில் ‘பன்றிகள் மேயும் மேடு’ என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பல தலைமுறை அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகவில்லை. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். ஈயம் விலை போகாமல் சுரங்கத்தை மூடியதும் சிதறினார்கள். சிலர் நிலக்கரிக்கு, சிலர் பஞ்சாலைக்கு, சிலர் கப்பலேறிப் போனார்கள். பத்து வருடத்துக்கு ஒரு தடவை எடுத்த பழைய மக்கள்தொகைக் கணக்குகளை அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து அவற்றில் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு படம் வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்கு அதில் ஈடுபாடு ஒன்றும் இல்லை. தூங்க வேண்டிய நேரம் அது. ஆனால் என் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். போட்டுக்கொடுத்தேன். முதல் படத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிய கடுகு மாதிரி கிடந்தன. அடுத்தடுத்த படங்களில் கடுகு உருண்டு தெற்கேயும் கிழக்கேயும் போனது. கடைசிப் படத்தில் பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட காலி. மேனேஜர் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பிவிட்டு வெகுநேரம் நின்றார்.

“எனக்குப் பிறகு எங்கள் கிளையில் யாரும் இல்லை. எல்லாரும் எங்கே போனார்கள் என்றாவது பார்த்துவிடலாம் என்றுதான்” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு முதுகுவலி வந்தது. நாற்காலி வலி. முசஃபாவில் கம்பெனி அனுப்பும் கிளினிக்குக்குப் போனேன். ஊசி போட வந்த நர்ஸ் தமிழ் என்று முகத்திலேயே தெரிந்தது. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தேன். முதலில் ஒரு கிறிஸ்தவப் பெயர். அதற்குப் பின்னால் அந்தப் பள்ளத்தாக்குப் பெயர். படத்தின் தலைப்பில் நானே எத்தனையோ தடவை தட்டச்சு செய்த எழுத்துகள். ஒன்றுகூட மாறவில்லை.

“சிஸ்டர், இது ஒங்க வீட்டுக்காரர் பேரா?”

“இல்லண்ணே. எங்க வீட்டுப் பேரு. அப்பாக்க பேருக்கும் பொறத்த இதுதான் வரும்” என்றார். பேச்சில் நாகர்கோவில் இருந்தது.

சொல்லச் சொன்னேன். ஊமை எழுத்து ஒன்றையும் விடாமல் அத்தனையையும் உச்சரித்து, கடைசியில் ஒரு உகரத்தையும் சேர்த்துச் சொன்னார். மேனேஜர் வாயில் இரண்டு அசையாக இருந்தது இவர் வாயில் ஐந்தாகிவிட்டது.

எப்படி வந்தது என்று கேட்டேன். ஊசியை ஒடித்துத் தொட்டியில் போட்டபடியே சொன்னார். “அந்தக் காலத்துல பஞ்சம் வந்து, தாயும் தவப்பனும் இல்லாம நின்ன பிள்ளைகள மிஷன்காரவ எடுத்து வளத்தாவளாம். சீமையில இருந்து ஒரு ஆளு ஒரு பிள்ளைக்கு உதவி செஞ்சா, அந்த ஆளுக்க பேர அந்தப் பிள்ளைக்கு வச்சிருவாவ. எங்க முப்பாட்டனுக்கு அப்பிடி வந்தது. குடுத்தவரு ஆரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது.” பிறகு, “கைய எடுங்க, பஞ்ச அமுக்கிப் பிடிங்க” என்றார்.

மேனேஜரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுத்துக்கு எழுத்து அதேதானா?” என்று கேட்டார். மறுபடி கேட்டார். சந்திக்க முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. “எதுக்குண்ணே? வெள்ளக்காரன் என்னத்துக்கு என்னைய பாக்கணும்?” என்று போனில் கேட்டார். படங்களைப் பற்றிச் சொன்னேன். இங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சுக்குப் பக்கத்து கஃபடீரியாவுக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. இரவு டியூட்டி முடித்து, தூங்காமல் சர்ச்சுக்குப் போய், அங்கிருந்து வந்திருந்தார். மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் படங்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். டீ வந்தது. அவர் படங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பள்ளத்தாக்கைக் காட்டினார். சிஸ்டர் மரியாதையாகப் பார்த்தார். பன்றி மேடு என்று அர்த்தம் சொன்னபோது மட்டும், “இத எங்க அப்பா கேக்காம போனது நல்லதாப் போச்சு” என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் இந்தப் பெயரோடு இருக்கிறார்கள் என்று மேனேஜர் கேட்டார். சிஸ்டர் யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் சொன்னார். ஊரில் ஒரு தெரு முழுக்க அவர்கள்தான். சென்னையில் சிலர். அண்ணன் அல் கோபாரில் இருக்கிறார். பெரியப்பா மகன் குடும்பத்தோடு குவைத்தில், ஃபர்வானியாவில். பழைய நாளில் சிலோன் தோட்டத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்ட கிளை ஒன்று.

மேனேஜர் பேனாவைக் கையில் வைத்திருந்தார், ஆனால் எழுதவில்லை.

“அல் கோபாரிலா? நான் அங்கே ஆறேழு வருடம் இருந்தேன்” என்றார்.

“அண்ணன் இப்போதும் இருக்கிறார், சார்” என்றார் சிஸ்டர். பிறகு அவரே சொன்னார்: “ஆனால் என் வரைக்கும் இது முடிந்துவிடும். அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். கணவர் வீட்டில் மாற்றச் சொல்கிறார்கள். எங்கே போனாலும், நீ ஆங்கிலோ இந்தியனா, அப்பா வெள்ளைக்காரரா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது.”

மேனேஜர் தலையாட்டினார். படங்களைச் சுருட்டினார். வண்டியில் திரும்பும்போது, “நல்ல பெண். ஆனால் உறவு இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய பெயர், அவ்வளவுதான்” என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. தொலைந்துபோன ஒரு சித்தப்பா வழி, கப்பல் மாலுமி வழி என்று ஏதோ எதிர்பார்த்திருக்கிறார்.

இருந்தாலும் மறுநாள் உலக வரைபடம் ஒன்று போடச் சொன்னார். நாகர்கோவில், சென்னை, சிலோன், அல் கோபார், ஃபர்வானியா, முசஃபா எல்லாவற்றிலும் புள்ளி வைக்கச் சொன்னார். சிவப்பிலா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, “நீலத்தில்” என்றார்.

வைத்தேன். நாகர்கோவில் தெருவுக்கு நீலம் வைத்தபோது அது பள்ளத்தாக்கின் சிவப்பைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. அவரும் பார்த்திருப்பார்.

அதன்பின் பல மாதங்கள் படத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வேலை அப்படி. ருவைஸ் பக்கம் ஒரு சைட் பின்தங்கிக் கிடந்தது. விடியுமுன் கிளம்புவோம், திரும்பும்போது காரில் இரண்டு பேரும் பேசத் தெம்பில்லாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவோம். ஒரு நாள் போகும் வழியில் அவராகவே ஆரம்பித்தார்.

“என் அக்காவோடு நேற்று போனில் பேசினேன். இந்த நர்ஸ் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.”

“ஏன் சார்?”

“எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கும் அது சொந்தப் பெயர் இல்லையாம். அவருடைய அம்மா அந்தப் பள்ளத்தாக்குக்கு வேலைக்காரியாகப் போனபோது கையில் பிள்ளையோடு போனாள். அங்கே ஒரு சுரங்கக்காரன் அவளைக் கட்டிக்கொண்டு பையனுக்கும் தன் பெயரைக் கொடுத்தான். அப்பாவுக்குச் சொன்னால் வருத்தப்படுவார் என்று பெண்கள் எல்லாரும் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கும்.”

சாலையோரம் ஒட்டக வேலி போய்க்கொண்டே இருந்தது.

“உங்களுக்கு வருத்தமா சார்?”

“தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் தேடியிருக்கிறேன்” என்றார். சைட் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு சொன்னார்: “நேரம் கிடைக்கும்போது அந்த நீலத்தை எல்லாம் சிவப்பாக மாற்றிவிடு.”

மாற்றினேன். அது நொடியில் முடிகிற வேலை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஆபீஸ் சுவரில் மாட்டவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சிஸ்டரை அவ்வப்போது கிளினிக்கில் பார்ப்பேன். இங்கிலாந்தில் வேலைக்கு எழுதிப்போட்டிருப்பதாகச் சொன்னார். ஆங்கிலப் பரீட்சை ஒரு தடவை போய்விட்டது, மறுபடி எழுதுகிறார். மகளை ஊரில் கணவரிடம் விட்டுவிட்டு வந்தவர். மகள் போனில் அம்மா என்று கூப்பிடுவதே குறைந்துவிட்டது என்றார்.

“பேர மாத்திட்டீங்களா சிஸ்டர்?”

“எங்க மாத்த? பேர மாத்துனா நர்சிங் சர்ட்டிபிகேட்டு, கவுன்சில் பதிவு எல்லாம் மாத்தணும். ஆரு அலையியது அண்ணே? கெடக்கட்டும்.”

அடுத்த வருடம் அவருக்கு இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனார். அதற்குப் பின் கொஞ்ச நாளில் துபாயில் பணம் வற்றியது, எங்கள் பக்கமும் ஆர்டர்கள் நின்றன. ஆட்களைக் குறைத்தார்கள். மேனேஜரிடம் ‘கலாஸ்’, முடிந்தது, என்று நேராகச் சொல்லவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். போகும் அன்று அவர் வெல்டர்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். என்னிடம் இங்கிலாந்துப் போன் நம்பர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு நான் தங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அறையில் எல்லாரும் துணி துவைத்துப் போட்டுவிட்டுப் படுத்திருந்தபோது சிஸ்டர் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டார். குளிர், வாடகை, கணவருக்கு விசா என்று எல்லாம் சொன்னார். பிறகு, “இஞ்சயும் எனக்க பேர ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியல்ல அண்ணே. எப்பிடிச் சொல்லணும்னு என்கிட்ட கேக்காவ. நான் நம்ம ஊர்ல சொல்லியது மாதிரி சொல்லிக் குடுத்தேன். இப்ப கெழவன் கெழவி எல்லாம் அப்பிடித்தான் கூப்பிடுதாவ” என்றார்.

நான் சிரித்தேன். அந்த வருடம் சிரித்ததே குறைவு. மேனேஜரின் நம்பரைக் கொடுத்தேன். கூப்பிடுவார் என்று நினைக்கவில்லை.

சிஸ்டர் கூப்பிட்டிருக்கிறார்; அடுத்த தடவை எனக்குப் போன் செய்தபோது சொன்னார். மேனேஜர் ரயிலேறி ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து அந்த முதியோர் இல்லத்துக்கே வந்திருக்கிறார். சிஸ்டருக்கு டியூட்டி நேரம். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மகளுக்கு எப்போது விசா கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். முசஃபாவில் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

“ஆளு ரொம்ப ஒடுங்கிப் போயிட்டாரு அண்ணே. பேசியதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு மணி அடிச்சாச்சு, எந்திரிச்சேன். அவரும் எந்திரிச்சு எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னாரு. பொறவு கோட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வருவாரா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் அவருக்கும் சேர்த்துத்தான் சமைக்கப் போவதாகச் சொல்லி போனை வைத்தார்.